கலீலுல்லா சாரின் கடைசிச் சொல்

மௌத்து வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அழுவார்கள். பிறகு தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "கடைசியில கலிமா சொன்னாராம்மா?"

"சொன்னாருங்க" என்றேன். இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை. என் வீட்டுக்காரர் கலீலுல்லா கலிமா சொன்னார், என் இரண்டு காதாலும் கேட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானாக எடுத்துச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

இத்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. இன்றைக்கு அறுபத்திரண்டாவது நாள். செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டிக்கு மேலே எங்கள் வீடு. காலையில் ஐந்து மணியிலிருந்து கீழே மூட்டை இறக்குகிற சத்தம், ஆட்டோக்காரர்களின் சண்டை, மிளகாய் நெடி. எல்லாம் மாடிக்கு வரும், என்னால்தான் இறங்க முடியாது. போன் பார்த்துக் கண் வலித்தது. அதனால் அவருடைய நோட்டை எடுத்து, அவர் எழுதாமல் விட்ட பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். இந்த நோட்டின்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு இதில் நான் எழுதுவதே பெரிய விஷயம்.

கலிமா என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லா இலாஹ இல்லல்லாஹ். அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்கு உரியவன் யாருமில்லை. எங்களில் ஒருவருடைய கடைசிப் பேச்சு இதுவாக இருந்தால் அவருக்குச் சொர்க்கம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதனால்தான் உயிர் பிரியப் போகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து காதருகே மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்டு அவரும் சொல்லமாட்டாரா என்றுதான். எங்கள் அத்தா சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அல்லாஹ்விடம் துஆ கேட்டவள் நான். ஏனென்றால் அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் ரமலானுக்கும் மட்டும் பள்ளிவாசல் பக்கம் போகிறவர்.

"ரிட்டையர் ஆனதும் ஐந்து வேளையும் தொழறேன் பஷீரா" என்பார். ரிட்டையர் ஆனார். ஐந்து வேளையும் நோட்டோடு உட்கார்ந்தார்.

அவர் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவார். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் ஏதோ பாடத்தில் 'செட்' என்று ஒரு வார்த்தை வந்திருக்கிறது. சின்னான் என்கிற பையன் எழுந்து, "பம்பு செட்டுங்களா சார், மைக் செட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. இவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாங்கி வரச் சொன்னது கொத்தமல்லி.

அதிலிருந்து பதினேழு வருஷம். ஒரே ஒரு வார்த்தை. பெரிய இங்கிலீஷ் அகராதிகளில் இந்த மூன்றெழுத்துக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறார்களாம். இவர் அதையெல்லாம் நம்பர் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் உதாரணம் ஒன்றைத் தேடுவார். கொத்தனார் கான்கிரீட் செட் ஆகணும் என்கிறாரே, அது ஒன்று. மாவுக்கட்டுப் போடுகிறவர் எலும்பைக் கூட்டி வைக்கிறாரே, அது ஒன்று. தறிக்காரர் டிசைனுக்கு அட்டை செட் பண்ணுவது ஒன்று. "அவனும் நானும் ஒரே செட்டு" என்று பசங்கள் சொல்வது இன்னொன்று. ஹோட்டலில் செட் தோசை வந்தால் எனக்குத் தோசை, இவருக்கு செட். சப்ளையரை நிறுத்திவைத்து, "இது எப்பயிருந்து இப்படிச் சொல்றீங்க?" என்று விசாரிப்பார். அந்த ஆள் என்னைப் பார்ப்பான், நான் சுவரைப் பார்ப்பேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் சொன்னார், "இது ஒரு வார்த்தையே இல்ல பஷீரா. ரெண்டு பேரு. ஒருத்தன் பழைய இங்கிலீஷ்காரன், உட்கார வைக்கிறதுன்னு அர்த்தம். இன்னொருத்தன் லத்தீன்ல பொறந்தவன். ஒருத்தர் பின்னால நடந்து போற கூட்டம்னு அர்த்தம், பிரான்ஸ் வழியா வந்தான். ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்து இருந்து, இப்ப யாரு எவருன்னே பிரிக்க முடியல."

"மீன் கொழம்பு ஆறுது" என்றேன்.

"சூரியன் மறையறதுக்கும் அவன் இதைத்தான் சொல்றான். நமக்கு மறையும், அவனுக்குச் சூரியன் போய் உட்காருது."

"நீங்களும் ஒழுங்கா உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். நல்ல மனுஷன். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. பஷீரா என்று முழுசாகக் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைச்சல். "ஏய்" என்பார்கள், "இந்தா" என்பார்கள். இவர் முதல் நாளிலிருந்தே பஷீரா. அதிலும் 'ஷீ'யைக் கொஞ்சம் நீட்டி, கடைசியில் லேசாக மேலே ஏற்றி.

போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு விழுந்தார். வலது கையும் காலும் போயிற்று. அவர் தம்பி வாஜித், கீழே மண்டியை நடத்துகிறவன், அவரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஆட்களோடு படியில் இறக்கினான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஒரு சத்தமும் இல்லை. பத்தாவது நாள் நர்ஸ் ஊசியோடு வந்தபோது வாயைத் திறந்தார்.

"செட்" என்றார்.

நானும் வாஜித்தும் எங்கள் மகள் அஃபீபாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தோம். டாக்டர் எங்கள் சந்தோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் ரத்தம் அடைத்துவிட்டது. சிலருக்கு எல்லாம் போய் ஒரே ஒரு சொல் தங்கிவிடும். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும். அவருக்கு நாம் பேசுவது பெரும்பாலும் புரியும். திருப்பிச் சொல்லத்தான் முடியாது.

ஒரே ஒரு சொல் தங்குமாம். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த என் பேர் தங்கவில்லை. பெற்ற மகள் பேர் தங்கவில்லை. படைத்தவன் பேர் தங்கவில்லை. அந்த மூன்றெழுத்து மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த வார்த்தையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆன்சி என்கிற பெண் வாரம் இரண்டு முறை வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் படம் போட்ட அட்டைகள். பொறுமைசாலி. பசு படத்தைக் காட்டுவாள், இவர் செட் என்பார். குடை படத்தைக் காட்டுவாள், செட். "பரவால்லைங்க சார், நல்லா ட்ரை பண்றீங்க" என்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன்.

மூன்றாவது வாரம் ஆன்சிதான் என்னிடம் சொன்னாள். "அம்மா, யோசிச்சுப் பேசறது வேற, மனப்பாடமா வாயில ஊறினது வேற. அது மூளையில வேற பக்கம் இருக்கும்பாங்க. ஒண்ணு ரெண்டு எண்ணுறது, பாட்டு, ஜெபம். எங்க சர்ச்சுப் பங்குல ஒரு பெரியவருக்குப் பையன் பேரு வராது. ஆனா ஜெபமாலையை எடுத்தா முழுசும் கடகடன்னு சொல்லுவாரு. சாரு சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின ஜெபம் ஏதாவது இருந்தா தினமும் சொல்லிக் குடுங்க."

நாலு வயதில் மதரசாவில் உட்கார்ந்து கலிமாவைத் தவிர வேறு எதை மனப்பாடம் செய்திருப்பார்? அது வந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் வராவிட்டால் போகட்டும்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு இரண்டு ஆசை இருந்தது. கலிமா வர வேண்டும் என்பதை ஊருக்கெல்லாம் சொன்னேன். ஒரே ஒரு தடவை பஷீரா என்று கூப்பிட வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது?

மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன்.

"சொல்லுங்க. லா."

"செட்."

"லா இலாஹ."

"செட்... செட்."

"இல்லல்லாஹ்."

அவர் கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்தார். உதடு 'லா'வுக்குத்தான் திறந்தது, நான் பார்த்தேன். வெளியே வந்தது அதே சனியன். ஒவ்வொரு நாளும் இப்படியே. ரமலான் வந்தது, போனது. பக்ரீத் வந்தது, போனது. ஆன்சி கடைசியில் அட்டைகளை என்னிடமே கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல நான் வந்து பிரயோஜனமில்லைம்மா" என்று கலங்கிய கண்ணோடு போனாள். நான் மட்டும் விடவில்லை.

ஒரு நாள் பொறுமை விட்டுப்போய், நோட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன். "இதுதானே! இதைத்தானே பதினேழு வருஷம் ஓதினீங்க! அல்லாஹ் பேரை ஓதியிருந்தா இப்ப அது வந்திருக்கும்ல?" என்று கத்தினேன். அவருக்கு எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழும்போதும் அந்தச் சொல்தான், துண்டு துண்டாக. நோட்டைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். எட்டு நாள் அவர் அலமாரியில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் தூசியைத் தட்டி அங்கேயே திரும்ப வைத்தேன்.

பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். வயதில் சின்னவர், ஆனால் விவரமானவர். "நாக்கை எடுத்துக்கிட்டவன் நாக்கால சொல்லலியேன்னு கேக்கமாட்டான்மா. அவரு மனசுல சொல்லுவாரு. அது போதும்" என்றார். போதுமாம். மனதுக்குள் சொன்னதை நான் எப்படிக் கேட்பது? எனக்குக் காதால் கேட்க வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. அவருடைய செட்டெல்லாம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. வெட்டிச் சொன்னால் வேண்டாம். இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் தண்ணீர். மூக்கால் வந்தால் படுக்கை நனைந்துவிட்டது, அவருக்கு வெட்கம். ஜவ்வரிசிக் கஞ்சியில் உப்பு இல்லையென்றால் அதற்கு ஒன்று. கொத்தனாராகிவிட்ட அந்தச் சின்னான் ஒரு நாள் வாழைப்பழத்தோடு வந்து காலடியில் உட்கார்ந்து, "சார், எப்பிடியிருக்கீங்க சார்? சின்னானுங்க" என்றபோது முகமெல்லாம் மலர்ந்து ஒரு செட் சொன்னார். அப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. "ஆமாங்க சார், எல்லாம் செட்டாயிருமுங்க. போயிட்டு வாரேனுங்க" என்று அவன் படியிறங்கிப் போய், கீழே மண்டி வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

என்னைக் கூப்பிடுவதற்கும் ஒன்று இருந்தது. 'செ'யைக் கொஞ்சம் நீட்டி, கடைசியில் லேசாக மேலே ஏற்றி. அடுக்களையில் இருந்தாலும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் அது கேட்டால் ஓடி வருவேன். அஃபீபா நாமக்கல்லிலிருந்து வரும்போதெல்லாம், "அம்மா, உங்க செட்டு கூப்பிடுது" என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது போதவில்லை. எனக்கு என் பேர் வேண்டும்.

பதினாலாவது மாதம் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வேண்டியவங்க எல்லாரும் வந்து பார்த்துக்கட்டும்" என்றார்கள். மறுபடி நாற்காலி, மறுபடி படி, இந்தத் தடவை மேலே. கட்டிலைத் தொழுகிற திசைக்கு, கிப்லா பக்கம் திருப்பிப் போட்டோம். அஃபீபா குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினாள்.

ஹஜ்ரத் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பக்கத்துல இருந்து மெதுவாச் சொல்லிக்கிட்டிருங்க. சொல்லு சொல்லுன்னு வற்புறுத்தாதீங்க. அவராச் சொல்லிட்டாருன்னா அதோட விட்டுரணும். அப்புறம் அவருக்குப் பேச்சுக் குடுக்கக்கூடாது, எதுவும் கேக்கக்கூடாது. கலிமாதான் கடைசிப் பேச்சா நிக்கணும். ஞாபகம் வெச்சுக்கங்கம்மா."

"எனக்குத் தெரியாதா ஹஜ்ரத்" என்றேன். தெரியும். எங்கள் வீட்டில் மூன்று மௌத்து பார்த்தவள். மாமியார் கலிமா சொன்னதும், பேச வாயெடுத்த வாஜித்தின் கையைக் கிள்ளி அடக்கியவளே நான்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். வாஜித் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். அஃபீபா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய எழுந்து போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கீழே யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொடுத்த ஜம்ஜம் தண்ணீரில் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கலிமாகூட நான் சொல்லவில்லை. ராத்திரி பகலாகச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. பஞ்சை எடுத்தேன். அவர் உதடு அசைந்தது.

"லா இலாஹ இல்லல்லாஹ்."

திக்கல் இல்லை, குழறல் இல்லை. சின்னப் பிள்ளைகள் மதரசாவில் இழுத்து ஓதுவார்களே, அந்த ராகத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. பதினாலு மாதமாக நான் கேட்காத அவருடைய குரல். அவருடைய சொந்தக் குரல்.

அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். எழுந்து தூரப் போயிருக்க வேண்டும். கையைக் கடித்துக்கொண்டாவது சும்மா இருந்திருக்க வேண்டும். ஹஜ்ரத் சொன்னது ஞாபகம் இல்லாமல் போனது என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஞாபகம் இருந்தது. ஆனால் பேச்சு வந்துவிட்டதே! கதவு திறந்துவிட்டதே! இத்தனை நாள் மூடிக் கிடந்தது திறந்த நேரத்தில், எனக்கு வேண்டியதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பேராசை வந்துவிட்டது.

"ஏங்க" என்று தோளைப் பிடித்தேன். "ஏங்க, இங்க பாருங்க. என் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. பஷீரான்னு சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். எங்கோ போய்க்கொண்டிருந்தவர் யாரோ கூப்பிடுகிறார்களே என்று திரும்பி வந்ததுபோல இருந்தது. என் முகத்தைத் தேடிப் பிடித்தார். உதட்டைக் கூட்டினார்.

"செ...ட்" என்றார்.

நீட்டி, கடைசியில் லேசாக மேலே ஏற்றி.

குழாய் நின்றது. எனக்கு அப்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. குனிந்து அவர் காதில் வாயை வைத்துக் கலிமாவைச் சொன்னேன். மறுபடி சொன்னேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் போயிற்று. அஃபீபா ஈரக் கையோடு ஓடி வந்து, "அம்மா, வற்புறுத்தாதீங்கம்மா" என்று என் முதுகைப் பிடித்தாள். நான் விடவில்லை. இருபது நிமிஷம் இருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு திரும்ப அசையவில்லை. பிறகு பார்வை மட்டும் அப்படியே நின்றது.

"அத்தா கலிமா சொல்லிட்டாரும்மா. நீ ஒளு செய்யும்போது சொல்லிட்டாரு" என்றேன். அவள் கண்ணீரோடு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். வாஜித் வந்தான், அவனிடமும் சொன்னேன். அவன் என் காலடியில் உட்கார்ந்து, "அண்ணி, உங்க துஆ அண்ணி" என்று தேம்பினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் பள்ளிவாசலில் பயான் பேசும்போது இதைச் சொன்னாராம். பதினாலு மாதம் நாக்கு கட்டப்பட்ட ஒரு வாத்தியாருக்குக் கடைசி நேரத்தில் அல்லாஹ் நாக்கைத் திறந்து கலிமாவைக் கொடுத்தான், அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னாராம். பள்ளிவாசலே அழுததாம். வாஜித் போனில் பதிவு செய்துகொண்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டினான். தெரியாத பெண்களெல்லாம் படியேறி வந்து என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். "குடுத்து வெச்சவங்க நீங்க" என்கிறார்கள். நான் கையை இழுத்துக்கொள்வதுகூட இல்லை.

அல்லாஹ் மன்னிக்கிறவன், அது எனக்குத் தெரியும். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதுவும் தெரியும். அவர் தன் பங்கைச் சரியாகச் செய்தார். முடிந்துபோன காரியத்தைக் கலைத்தவள் நான். சொர்க்கத்து வாசலில் ஒரு காலை வைத்துவிட்ட மனுஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்து, படைத்தவன் பேர் நிற்க வேண்டிய இடத்தில் என் பேரைக் கேட்டேன். அவரும் கொடுத்துவிட்டார். என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

நோட்டின் முன்பக்கம் நூற்றுப் பன்னிரண்டாவது நம்பரோடு நிற்கிறது. விழுவதற்கு முந்தின நாள் எழுதியது. நூற்றுப் பதிமூன்று என்று நம்பர் மட்டும் போட்டு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அதில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் யாராவது படிப்பார்கள்.

இன்றைக்குக் காலையில் அஃபீபா வந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நான் ஒளு செஞ்சிட்டிருந்தேன்ல. தண்ணி சத்தத்துல அத்தா கலிமா சொன்னது எனக்குக் கேக்கல. ஆனா குழாயை மூடறப்ப ஒண்ணு கேட்டுச்சு. உங்களைக் கூப்பிடுவாருல்ல, அந்த மாதிரி."

நான் கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கை நிற்காமல் பார்த்துக்கொண்டேன்.

"கீழ யாராச்சும் கத்தியிருப்பாங்க" என்றேன்.

"இல்லம்மா. அத்தா குரல்தான். செட்டுன்னு. எனக்கு உங்க செட்டு தெரியாதா?"

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. அவளுக்கும் அந்த முறை தெரியும். கலிமாவுக்குப் பிறகு வேறு பேச்சு வந்ததா என்றுதான் கேட்கிறாள். அவள் அத்தாவுக்காகத்தான் பயப்படுகிறாள்.

"கலிமாதான் கடைசி" என்றேன். "அதுக்கப்புறம் உங்கத்தா வாயே தொறக்கல. என்னைக் கூப்பிடவே இல்ல."

"நெசமாம்மா?"

"நெசமா. கூப்பிடவே இல்ல கண்ணு."

அவள் பெருமூச்சு விட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். கடலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பதினாலு மாதம் காத்திருந்து என் புருஷன் என்னைக் கூப்பிட்டதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தியிடம் அது நடக்கவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி நான் ஒருத்திதான்.